எடைத் தராசருகே கேட்கப்படும் கேள்விகள்: கருவுற்ற நாள் முதல் ஐந்து வயது வரை

அங்கன்வாடி மையத்தில் மாதந்தோறும் குழந்தைகளுக்கு எடை பார்க்கும் நாளில் தாய்மார்களும் பாட்டிமார்களும், எப்போதாவது வந்து நிற்கும் தகப்பன்மார்களும் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றே போல இருக்கின்றன. ஒருவருக்குச் சொன்னதையே அடுத்தவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருப்பதால், அவர்கள் கேட்ட வாய்மொழியிலேயே கேள்விகளை எழுதிக் கீழே விடை தந்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்லள். பயிற்சிகளில் கற்றதும், கிராம சுகாதார செவிலியரோடு வீடு வீடாகச் சென்று பார்த்ததில் தெளிந்ததுமே இங்கே உள்ளன. குழந்தையை நேரில் பார்த்த மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொல்வதையே கேட்க வேண்டும்.

பால்வாடியில சோறு போடுறதுக்கு மேல நீங்க என்னதான் செய்றீங்க டீச்சர்?

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்டது. அங்கன்வாடிகள் அதன் கீழ் வருபவை. தமிழ்நாட்டில் 1982இல் வந்த சத்துணவுத் திட்டம் இதனோடு சேர்ந்துகொண்டதால், மக்கள் கண்ணுக்குச் சோறு மட்டும் பெரிதாகத் தெரிகிறது. கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மார்களையும் கணக்கெடுப்பது, சத்துமாவு வழங்குவது, எடையும் உயரமும் பார்ப்பது, தடுப்பூசி நாளுக்கு ஆள் சேர்ப்பது, குறை தெரிந்தால் மருத்துவரிடம் அனுப்புவது, இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு முன்பருவக் கல்வி தருவது எல்லாம் இதே வேலைதான்.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. அதே ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாமலும், ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ளவர்களில் பாதிக்கு மேல் இரத்தசோகையோடும் இருப்பது தெரியவந்தது. ஆக, பிரசவ அறையைப் பற்றிய கவலை பெருமளவு தீர்ந்துவிட்டது. அங்கிருந்து வீட்டுக்கு வந்த பிறகு அடுப்படியிலும் தொட்டிலருகிலும் நடப்பவைதான் இனிப் பார்க்க வேண்டியவை. கீழே உள்ள விடைகளில் பெரும்பாலானவை அதைப் பற்றியே இருக்கும்.

மாசமா இருக்கிறத மூணு மாசம் வெளிய சொல்லக்கூடாதுங்கிறாங்க மாமியார். பதிவை அப்புறம் பண்ணிக்கலாமா?

ஊருக்குச் சொல்ல வேண்டாம். செவிலியரிடம் சொல்ல வேண்டும். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் குழல், கருத்தரித்த முதல் நான்கு வாரங்களுக்குள் மூடிக்கொள்கிறது. அதற்கு உதவும் ஃபோலிக் அமில மாத்திரையை மூன்று மாதம் கழித்துத் தொடங்கினால் அந்த வேலைக்கு அது பயன்படாது. திருமணமாகிக் குழந்தைக்குக் காத்திருக்கும்போதே மாத்திரையைத் தொடங்குவது இன்னும் நல்லது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் சேர்த்து 18,000 ரூபாய் தரப்படுகிறது. அதன் முதல் தவணைக்குப் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவின்போது கிடைக்கும் அடையாள எண் பின்னர் பிறப்புச் சான்றிதழுக்கும் கேட்கப்படும் என்பதால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரை தின்னா புள்ள கருப்பாப் பொறக்குமாமே? பெருசா வளந்து ஆபரேஷன் ஆயிடும்ங்கிறாங்களே?

குழந்தையின் நிறம் பெற்றோரின் மரபிலிருந்து வருவது. மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகும். இந்தப் பேச்சு அதிலிருந்துதான் கிளம்பியிருக்கும் என்பது என் எண்ணம். நான்காம் மாதம் தொடங்கி நாள்தோறும் ஒன்றாகக் குறைந்தது 180 மாத்திரைகளும், பிரசவத்துக்குப் பிறகு மீண்டும் 180 மாத்திரைகளும் சாப்பிட வேண்டும். காப்பி, தேநீரோடு சேர்த்தால் சத்து உடலில் ஏறாது. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இதையும் ஒரே வேளையில் விழுங்கக்கூடாது. குமட்டல் இருந்தால் இரவு உணவுக்குப் பின் போட்டுக்கொள்ளலாம்.

குழந்தை சிறிதாக இருந்தால் சுகப்பிரசவம் ஆகும் என்று வயிற்றைக் கட்டுவது ஆபத்தானது. இரத்தம் குறைவாக உள்ள தாய்க்குப் பிரசவத்தில் ஏற்படும் சிறிய உதிரப்போக்கே உயிருக்கு உலை வைத்துவிடும். எடை குறைந்து பிறந்த குழந்தையோ முதல் மாதத்தைத் தாண்டவே சிரமப்படும்.

பொறந்த உடனே சேனை வைக்கலாமா? பால் வர்ற வரைக்கும் சர்க்கரைத் தண்ணி குடுத்தா என்ன?

இரண்டும் வேண்டாம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாயின் மார்பில் குழந்தையைப் போட வேண்டும். அறுவை செய்து பிறந்த குழந்தைக்கும் செவிலியர் உதவியோடு இதைச் செய்ய முடியும். முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பால் சிறிதளவே இருக்கும். பிறந்த குழந்தையின் இரைப்பை முதல் நாளில் ஒரு வேளைக்குச் சில மில்லிக்கு மேல் கொள்ளாது என்பதால் அந்தச் சிறிதளவு போதும். நோய்த் தடுப்பாற்றல் செறிந்த அந்தப் பாலைப் பீய்ச்சிக் கீழே விடுவது குழந்தைக்கு வர வேண்டிய முதல் தற்காப்பைத் தட்டிவிடுவதாகும்.

சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், தேன் ஆகியவை கிருமிகளுக்கு வழிவிடுவதோடு குழந்தையின் பசியையும் அடக்கிவிடுகின்றன. பசியில்லாத குழந்தை சப்பாது, சப்பாவிட்டால் பால் சுரப்பது தாமதமாகும். தேனை ஒரு வயது முடியும் வரை எந்தக் காரணத்துக்காகவும் தரக்கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவர் சேனை வைத்தால் அந்தக் குணம் வரும் என்ற நம்பிக்கையை நான் கேலி செய்வதில்லை. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அந்தப் பெரியவரே குழந்தையைத் தூக்கித் தாயின் மார்பில் விடட்டும் என்று சொல்லிப் பார்க்கிறேன். பல வீடுகளில் ஒப்புக்கொள்கிறார்கள்.

பிறப்புச் சான்றிதழ் எப்ப வாங்கணும்? பேரு இன்னும் வைக்கலையே?

பிறந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. மருத்துவமனைப் பிரசவத்தை மருத்துவமனையே பதிவுக்கு அனுப்பிவிடும். பெயர் இல்லாமலும் பதியலாம். ஓராண்டுக்குள் பெயரைச் சேர்க்கக் கட்டணம் கிடையாது. 2023 அக்டோபர் 1 அல்லது அதற்குப் பின் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் ஓட்டுநர் உரிமம் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் இந்தச் சான்றிதழே ஆதாரம் என்று சட்டம் திருத்தப்பட்டுள்ளது. பெற்றோர் பெயரின் எழுத்துகளை ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்து அப்போதே திருத்திக்கொள்வது பிற்கால அலைச்சலைத் தவிர்க்கும்.

எனக்குப் பால் பத்தல, புள்ள அழுதுகிட்டே இருக்கு. புட்டிப்பால் ஆரம்பிக்கலாமா?

அழுகையை மட்டும் வைத்துப் பால் போதவில்லை என்று முடிவு செய்ய முடியாது. பசிக்கும் குழந்தை அழும், துணி நனைந்தாலும் அழும், தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லியும் அழும். முதல் வாரம் கழிந்த பின் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது சிறுநீர் கழிக்கிறதா என்றும், எடை ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். பிறந்த சில நாட்களில் எடை பத்தில் ஒரு பங்கு வரை குறைந்து, இரண்டு வாரத்துக்குள் மீண்டும் பிறந்த எடைக்கு வருவது இயல்பு. இந்தக் குறைவைக் கண்டு பயந்துதான் பல வீடுகளில் மாவுப்பால் டப்பா திறக்கப்படுகிறது. ஒரு வேளை புட்டிப்பால் கொடுத்தால் அந்த வேளைக்கு மார்பைச் சப்புவது நின்று, மறுநாள் பால் இன்னும் குறைகிறது. பிறகு பால் வற்றிவிட்டது என்று தாயைக் குறை சொல்கிறார்கள்.

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் போதும். சித்திரை வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை. பசும்பாலை ஒரு வயதுக்கு முன் முக்கிய உணவாக்கக் கூடாது, ஏனெனில் அதில் இரும்புச்சத்து மிகக் குறைவு. மார்பில் புண், கட்டிய பால், குழந்தை சரியாகக் கவ்வாமை போன்றவை இருந்தால் டப்பா வாங்குவதற்கு முன் செவிலியரிடம் காட்டுங்கள். உட்காரும் வாகை மாற்றினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பொறக்கும்போதே ரெண்டே கால் கிலோதான். எப்பத் தேறும்?

இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடை குறைந்த குழந்தை என்று கணக்கு. முப்பத்தேழு வாரம் நிறைவதற்குள் பிறந்ததா, நாள் நிறைந்தும் எடை குறைந்ததா என்பதை வெளியேற்றச் சீட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் கவனிப்பு சற்று மாறுபடும். எப்படியாயினும் குழந்தைக்குச் சூடு குறையக்கூடாது. தாயின் நெஞ்சோடு வெறும் உடம்பாக ஒட்டவைத்து மேலே துணியால் கட்டிக்கொள்ளும் கங்காரு பராமரிப்பைத் தகப்பனும் பாட்டியும்கூடச் செய்யலாம். குளிப்பாட்ட அவசரப்பட வேண்டாம்.

நாள் நிறைந்து நல்ல எடையில் பிறந்த குழந்தை ஐந்து மாதத்தில் ஏறத்தாழ இருமடங்கும், ஒரு வயதில் மும்மடங்கும் ஆகும். முதல் மூன்று மாதத்தில் ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வரை ஏறுவது நல்ல வளர்ச்சி. எடை குறைந்து பிறந்தது ஒரே மாதத்தில் மற்றவற்றை எட்டிப் பிடிக்காது. தாய் சேய் நல அட்டையில் மாதாமாதம் வைக்கும் புள்ளிகளைச் சேர்த்தால் வரும் கோடு மேல்நோக்கிப் போகிறதா என்பதே எனக்கு முக்கியம். ஒரு நாள் எடையை வைத்து நான் எதுவும் சொல்வதில்லை.

பக்கத்து வீட்டுப் புள்ள கொழுகொழுன்னு இருக்கு, எம்புள்ள மட்டும் ஏன் இப்படி? எங்க பரம்பரையே ஒல்லி, குள்ளம்னு விட்டுடலாமா?

பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவதைவிட, உங்கள் குழந்தையின் போன மாதப் புள்ளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டையில் நல்ல எடையைக் காட்டும் பச்சைப் பகுதியிலேயே இருந்தாலும் இரண்டு மூன்று மாதம் கோடு படுத்துக் கிடந்தால் நான் கவலைப்படுவேன். எடைக் குறைவைக் காட்டும் மஞ்சளில் இருந்தாலும் மாதந்தோறும் ஏறிக்கொண்டிருந்தால் என் கவலை குறையும். இதனால்தான் எடை பார்க்கும் நாளைத் தவறவிடாதீர்கள் என்று கெஞ்சுகிறோம். இடையில் இரண்டு புள்ளி விட்டுப்போனால் கோடு எதையும் சொல்லாது.

எடை மட்டும் போதாது. உயரத்துக்கேற்ற எடை இல்லாவிட்டால் அண்மையில் வந்த நோயோ பட்டினியோ குழந்தையைக் கரைத்திருக்கிறது என்று பொருள். வயதுக்கேற்ற உயரம் இல்லாவிட்டால் நெடுங்காலமாகவே போதிய ஊட்டமில்லை என்று பொருள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள பிள்ளைகளின் மேல்கையை நாடாவால் அளக்கிறோம். சுற்றளவு 12.5 செ.மீ.க்குக் குறைந்தால் கவனம் வேண்டும், 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பாதங்கள் இரண்டிலும் விரலால் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இருந்தாலும் அப்படியே. அத்தகைய குழந்தை பார்ப்பதற்குக் கொழுகொழுவென்றுகூட இருக்கும்.

பரம்பரைப் பேச்சுக்கு வருகிறேன். அட்டையில் உள்ள வளைகோடுகளை உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்டது. இந்தியா, கானா, பிரேசில், நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் நல்ல சூழலில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளை அளந்து அவற்றை உருவாக்கினார்கள். ஊட்டமும் சுகாதாரமும் கிடைத்தால் ஐந்து வயதுவரை எல்லா நாட்டுப் பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்கின்றன என்பதே அந்த அளவைகளில் தெரிந்தது. ஆகவே மூன்று வயதுப் பிள்ளை வளராததற்குத் தாத்தாவின் உயரத்தைக் காரணம் காட்டாதீர்கள். தாத்தாவே தம் சிறுவயதில் சரியாகச் சாப்பிடக் கிடைக்காதவராக இருந்திருக்கலாம்.

குளிப்பாட்டும்போது மூக்கு ஊதி, எண்ணெய் விட்டு, சாம்பிராணி காட்டுறது நம்ம பழக்கம்தானே? தொக்கம் எடுக்கலாமா?

கையால் மெதுவாக எண்ணெய் தேய்த்துவிடுவதும், தாலாட்டுவதும், நிதானமாக வெந்நீர் வார்த்துத் துடைப்பதும் நல்லவை. தொடுதலால் குழந்தை அமைதியடைகிறது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை நிறுத்த வேண்டும், ஏனெனில் மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கும். சாம்பிராணிப் புகை மூடிய அறையில் குழந்தையின் மூச்சுக்குழலை எரிச்சலூட்டும். தொப்புள்கொடியில் சாம்பல், மஞ்சள், பவுடர் எதுவும் வைக்காமல் உலரவிட்டால் தானே விழுந்துவிடும். கண்ணுக்குள் மை தீட்ட வேண்டாம்.

தொக்கம் எடுப்பதைப் பற்றி உறுதியாகவே சொல்கிறேன்: வேண்டாம். வயிற்றில் சிக்கியிருக்கும் பண்டத்தை ஊதியோ உறிஞ்சியோ வெளியே எடுக்க முடியாது. தொண்டைக்குள் விரல் விட்டுச் சளி எடுப்பதால் புண்ணும் மூச்சடைப்பும் ஏற்படும். தொக்கம் எடுத்த மறுநாள் குழந்தை தேறியதாகச் சொல்லப்படும் பெரும்பாலான கதைகளில், அந்த வயிற்றுக் கோளாறு தானாகவே அடங்கும் நாளும் அதுவாக இருந்திருக்கும்.

அப்ப உரை மருந்தும் கூடாதா?

ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர எதுவும் வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். அதன்பின் கொடுப்பதானாலும் கல், நீர், கை மூன்றும் சுத்தமாக இருக்கின்றனவா என்பதே முதல் கேள்வி. ஜாதிக்காய் கூடுதலாக உரைத்துவிட்டால் குழந்தை மயக்கமாகத் தூங்கும். நன்றாகத் தூங்குகிறது என்று நாம் மகிழ்ந்துகொண்டிருப்போம். வசம்பைச் சுட்டுக் கையில் வளையாகக் கட்டினால் குழந்தை அதை வாயில் வைத்துச் சப்பும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஆறு மாசம் முடிஞ்சிருச்சு. பருப்புத் தண்ணி குடுக்கட்டுமா?

தண்ணீரில் சத்து இல்லை, பருப்பில்தான் இருக்கிறது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் நிற்கும் பதத்தில் சோறும் பருப்பும் மசித்து, ஒரு சொட்டு நெய்யோ எண்ணெயோ சேர்த்து, இரண்டு மூன்று தேக்கரண்டியில் தொடங்குங்கள். எட்டு மாதம் வரை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளையும், ஒன்பது மாதத்துக்கு மேல் மூன்று நான்கு வேளையும் இடையில் சிறு தீனியும் தேவை. தாய்ப்பால் இரண்டு வயதுவரை தொடரட்டும். முட்டை, மீன், கீரை, முருங்கைக்கீரை, பூசணி, வாழைப்பழம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பழக்கலாம். மிளகாய் சேர்ப்பதற்கு முன் வீட்டுக் குழம்பிலிருந்தே குழந்தைக்கு எடுத்து வைத்துவிட்டால் தனிச் சமையல் வேண்டியதில்லை.

மையத்தில் தரும் சத்துமாவில் கோதுமை, கேழ்வரகு, பருப்பு, வெல்லம் ஆகியவை இருக்கின்றன. அதில் மேற்கொண்டு சர்க்கரை போட வேண்டாம். அது குழந்தைக்காகத் தரப்படுவது என்பதைச் சொல்லியே கொடுக்கிறோம். வீட்டில் எல்லோருக்கும் கொழுக்கட்டையாகிவிடுவது எங்களுக்கும் தெரியும். தேநீரில் தோய்த்த பிஸ்கட்டால் வயிறு நிறையும், கோடு ஏறாது. வேர்க்கடலை, முழுத் திராட்சை, பட்டாணி ஆகியவற்றை முழுதாகக் கொடுக்காதீர்கள்; தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ஊசி போட்டா காய்ச்சல் வருது, ஆகாத ஊசியோ? போன மாசம் சளி இருந்ததால போடல, மறுபடி மொதல்ல இருந்து போடணுமா?

ஆறு, பத்து, பதினான்கு வாரங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சலும் தொடையில் வீக்கமும் வருவது உடல் பாடம் கற்றுக்கொள்வதன் விளைவு. எடைக்கேற்ற பாராசிட்டமால் அளவைச் செவிலியரே சொல்வார். தனியாரில் போடும் வலி குறைந்த ஊசிகளும் உண்டு, ஆனால் கக்குவான் இருமலுக்கு எதிராக அவை தரும் பாதுகாப்பு விரைவில் குறைகிறது. விடாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் அழுகை, வலிப்பு, மூச்சுத்திணறல் இருந்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

சாதாரணச் சளியும் இலேசான காய்ச்சலும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணமாகா. விட்டுப்போனதிலிருந்து தொடரலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டாம். ஒன்பது மாதம் முடிந்ததும் போடும் தட்டம்மை, ரூபெல்லா ஊசியைத்தான் பலர் மறக்கிறார்கள், குழந்தை நடமாடத் தொடங்கிவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். அதே நாளில் தொடங்கும் வைட்டமின் ஏ திரவம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஐந்து வயது வரை உண்டு.

பேதியாகுது, உச்சிக்குழி விழுந்து கெடக்கு. தோஷம்னு மந்திரிச்சுட்டு வந்தோம், போதுமா?

உச்சிக்குழி உள்வாங்குவது, கண் குழிவது, அழுதால் கண்ணீர் வராதது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகவே பழைய நிலைக்குத் திரும்புவது, சிறுநீர் குறைவது எல்லாம் உடலில் நீர் வற்றியதன் அடையாளங்கள். பாட்டிமார் சரியான அடையாளத்தைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள், மருந்துதான் தவறு. மந்திரிப்பதானால் மந்திரித்துக்கொள்ளுங்கள், போகும் வழியெல்லாம் உப்புச் சர்க்கரைக் கரைசலை ஊட்டிக்கொண்டே போங்கள்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். பெரிய பொட்டலத்துக்கு ஒரு லிட்டர். ஒவ்வொரு முறை வெளியேறிய பிறகும் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி வரை கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மீண்டும் தொடங்கலாம். 24 மணி நேரத்துக்குப் பின் மீதியைக் கொட்டிவிட வேண்டும். ஜிங்க் மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் சேர்த்து மொத்தம் 14 நாள் கொடுக்க வேண்டும். பெரும்பாலோர் மூன்றாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். சாப்பாட்டையும் தாய்ப்பாலையும் நிறுத்தாதீர்கள். பேதிக்குப் பட்டினி போட்ட வீட்டுக் குழந்தைகளின் கோடு அந்த மாதம் சரிந்து விழுவதைப் பார்க்கிறோம். மலத்தில் இரத்தம், எதையும் குடிக்க முடியாத நிலை, அரை மயக்கம் ஆகியவற்றுக்கு 108 அழைக்க வேண்டும்.

காய்ச்சல்ல வலிப்பு வந்தா கையில சாவி குடுக்கணுமா?

சாவியும் வேண்டாம், வாயில் கரண்டியும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கழுத்தருகே துணியைத் தளர்த்தி, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீண்டால் 108. அதற்குள் நின்றாலும் முதல்முறை வந்ததென்றால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பூச்சி மாத்திரை எப்ப? வயிறு உப்பிக் கெடக்கு.

ஒரு வயது முடிந்த பின், ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் மையத்திலேயே அல்பெண்டசோல் தருகிறோம். இரண்டு வயது வரை அரை மாத்திரை, அதன்பின் முழு மாத்திரை. நுணுக்கியோ மென்றோதான் சாப்பிட வேண்டும். செருப்பில்லாமல் நடப்பதும் திறந்தவெளியில் கழிப்பதும் தொடர்ந்தால் பூச்சியும் திரும்ப வரும்.

ரெண்டு வயசாச்சு, இன்னும் பேசல. அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாராம். போன் குடுத்தா மட்டும் சிரிக்கிறான்.

தாமதமாகப் பேசி நன்றாக வளர்ந்தவர்கள் உண்டு. பேசாமல் இருந்ததற்குக் காது கேளாமையே காரணம் என்பது நான்கு வயதில் தெரியவந்த பிள்ளைகளும் உண்டு. இந்த இரண்டில் எது என்பதைக் காத்திருந்து கண்டுபிடிப்பது குழந்தைக்கு இழப்பு. ஒரு வயதில் மழலை ஒலிகளும் சைகையும் இல்லாமை, ஒன்றரை வயதில் ஒரு சொல்கூட இல்லாமை, இரண்டு வயதில் 'அம்மா வா' போல இரு சொல் சேராமை, எந்த வயதிலும் பேசிய பேச்சு மறைந்துபோதல், பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பாமை ஆகியவற்றில் எது இருந்தாலும் முதலில் காதைப் பரிசோதிக்க வேண்டும். தேசியச் சிறார் நலத் திட்டம் 2013இல் வந்ததிலிருந்து நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை அங்கன்வாடிக்கு வந்து பிறவிக் குறைபாடு, வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றைப் பார்க்கிறது. தேவையானால் மாவட்டத்தில் உள்ள ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்பும். அங்கே போகச் சொன்னால் பிள்ளைக்கு ஏதோ பெயர் வைத்துவிட்டோம் என்று சண்டைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சண்டைக்கு நான் அஞ்சுவதில்லை.

கைப்பேசி பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது எளிது: இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதற்கும் குறைந்தால் நல்லது. குழந்தை சொன்னதற்குப் பதில் சொல்ல ஆள் இருந்தால்தான் பேச்சு வளரும். கைப்பேசி பேசிக்கொண்டே இருக்கும், குழந்தையின் முறைக்காக நிற்காது. ஊட்டும்போது கையிலிருந்து அதை எடுத்துவிட்டு, சோற்றையும் காக்காயையும் நாயையும் பற்றிப் பேசிக்கொண்டே ஊட்டுங்கள்.

பால்வாடியில ஏ பி சி டி எழுத வைக்கிறதில்ல, வெளையாட்டுத்தான். கான்வென்ட்ல போட்டா என்ன?

எங்கே சேர்ப்பது உங்கள் விருப்பம். மூன்று வயதுப் பிள்ளையின் விரல் தசைகள் பென்சிலுக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை. மணலில் கோடு போடுவதும், புளியங்கொட்டை பொறுக்கி எண்ணுவதும், களிமண் பிசைவதும் அந்தத் தசைகளை ஆயத்தப்படுத்தும் வேலைகள். கதை கேட்கும் பிள்ளைக்குச் சொல்வளம் பெருகுகிறது. கூட்டமாக விளையாடும்போது தன் முறை வரும்வரை காத்திருக்கக் கற்கிறது. இப்படி வளர்ந்தது ஐந்து வயதில் எழுத்தை விரைவாகப் பிடித்துக்கொள்ளும். வீட்டுப்பாடம் எழுதவில்லை என்று மூன்று வயதில் அடி வாங்கிய பிள்ளைகள் சிலர் எங்கள் மையத்துக்கு மாறி வந்து, பல நாள் பென்சிலைத் தொடவே மறுத்திருக்கிறார்கள். இந்த வயதுக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரத் தூக்கமும் தேவை, காலை ஏழு மணிக்கு வேனில் ஏற்றப்படும் குழந்தைக்கு அது எங்கிருந்து கிடைக்கும்?

மாமன் மகளைக் கட்டினதாலதான் புள்ளைக்கு இப்படி ஆச்சுங்கிறாங்க. உண்மையா?

எந்தத் தம்பதிக்கும் பிறக்கும் நூறு குழந்தைகளில் இரண்டு மூன்றுக்குப் பெரிய பிறவிக் குறைபாடு இருக்கக்கூடும். மாமன் மகள், அத்தை மகன் திருமணங்களில் இது ஏறக்குறைய இருமடங்காகிறது. தாய்மாமனையே மணந்தால் இன்னும் சற்றுக் கூடும். ஒரே முன்னோரிடமிருந்து வந்த மறைந்திருக்கும் ஒரு குறை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் சேர்ந்து வரும்போது வெளிப்படுகிறது. இருவரிடமிருந்தும் வந்தால்தான் அது வெளிப்படும் என்பதால் பெண்ணின் மீது மட்டும் பழி போடுவதற்கு இடமே இல்லை. பெரும்பாலான சொந்தத் திருமணங்களில் பிள்ளைகள் நலமாகவே பிறக்கின்றன என்பதும் இதில் அடங்கியிருக்கிறது.

ஏற்கெனவே ஒரு குழந்தைக்குக் குறை இருந்தால் அடுத்த கருவுக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுங்கள். கருவுற்ற பின் ஐந்தாம் மாத ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். இன்னும் திருமணம் பேசிக்கொண்டிருக்கும் வீடுகளில், தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கொடுத்து எடுத்தது போதும் என்று நான் வெளிப்படையாகவே சொல்கிறேன்.

பிரசவம் ஆகி ரெண்டு மாசமாச்சு. மருமக அழுதுகிட்டே இருக்கா, புள்ளையத் தூக்கவே மாட்டேங்கிறா. காத்து கருப்பா?

பிரசவமான முதல் இரண்டு வாரத்தில் காரணமின்றி அழுகை வருவது பலருக்கும் உள்ளது, தானே சரியாகிவிடும். அதற்கு மேல் நீடித்தால் அது பேறுகால மனச்சோர்வு. மருந்தாலும் ஆலோசனையாலும் குணமாகும். தூக்கமில்லாமை, சாப்பிடாமை, நான் நல்ல தாயில்லை என்ற பேச்சு, குழந்தையிடம் ஒட்டாமை ஆகியவை அதன் அடையாளங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்வேன் என்றால், அல்லது இல்லாத குரல் கேட்கிறது என்றால், ஒரு நிமிடமும் தனியே விடாமல் மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். 14416 என்ற இலவச எண்ணில் மனநல ஆலோசகரோடு தமிழிலேயே பேசலாம். இரவில் ஒரு வேளையாவது அவள் தொடர்ந்து தூங்கும்படி வீட்டார் குழந்தையைப் பார்த்துக்கொண்டாலே பாதி பாரம் இறங்கும்.

எல்லாம் நீங்க சொன்னபடிதான் செய்றோம். அப்புறமும் கோடு ஏறல. யார் தப்பு?

அட்டை யாருக்கும் மதிப்பெண் போடுவதில்லை. மிகக் குறைந்த எடையைக் காட்டும் சிவப்பில் புள்ளி வைத்தால் தங்களைத் திட்டுவதாகத் தாய்மார்கள் நினைப்பதால்தான் அடுத்த மாதம் எடைக்கு வராமல் போகிறார்கள். நான் அப்போது வேறு கேள்விகளைக் கேட்பேன். அம்மா நூறு நாள் வேலைக்கோ மில்லுக்கோ போகும்போது பகலில் ஊட்டுவது யார்? எத்தனை வேளை, எந்தப் பதத்தில்? போன மூன்று மாதத்தில் எத்தனை முறை பேதி, எத்தனை முறை சளி? குடிநீர் எங்கிருந்து வருகிறது? வீட்டில் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா? பெரியவர்களின் காசநோய் பிள்ளைக்குத் தொற்றியிருந்தால் எத்தனை முட்டை கொடுத்தாலும் எடை ஏறாது. பால் குடிக்கும்போது வியர்த்து, மூச்சு வாங்கி, நிறுத்தி நிறுத்திக் குடித்தால் இதயக் கோளாறாக இருக்கலாம். அடுத்த குழந்தை உண்டாகிவிட்டதால் முதல் குழந்தையின் பாலும் மடியும் பறிபோயிருக்கலாம். இரண்டு பேறுகளுக்கு இடையே மூன்று ஆண்டாவது விடச் சொல்வது அதற்காகத்தான்.

இவற்றில் சில வீட்டில் சரிசெய்யக் கூடியவை, சில மருத்துவர் பார்க்க வேண்டியவை, சில ஊராட்சியிடம் கேட்டு வாங்க வேண்டியவை. இரண்டு மாதம் தொடர்ந்து கோடு படுத்திருந்தால் அட்டையை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். கடும் ஊட்டக்குறைவு என்று உறுதியானால், 2022இல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் பெட்டகமும் தொடர் கண்காணிப்பும் கிடைக்கும். தேவைப்பட்டால் மருத்துவமனையில் சேர்த்துத் தேற்றுவார்கள். போகும்போது பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்பவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள், மருத்துவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு விடை அவருக்குத்தான் தெரியும்.